மலையில் எத்தனை குரங்கு?

சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? வாசலில் நின்று தலையை எண்ணலாம். ஆனால், முன்வாசலால் வந்தவரே கொல்லைப்புறம் போய், வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடியும் முன்வாசலால் வருவார்! அனுபவசாலியான வீட்டு அம்மாள் தலையை நம்பமாட்டாள். விழுந்த எச்சில் இலைகளை எண்ணுவாள். இரண்டு கணக்கும் ஒத்துப்போன கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

காட்டுக் குரங்குகளைக் கணக்கெடுக்கும் விஞ்ஞானிகள் படும் பாடும் ஏறக்குறைய இதுதான்.

ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்வந்தவர்கள், "குரங்கை எண்ணுவதில் என்ன கஷ்டம்? வாழைப்பழத்தைக் காட்டினால் வரிசையாக வந்து நிற்குமே!" என்பார்கள். அது நாட்டுக் குரங்கு. நான் சொல்வது அதே மலையின் உச்சிச் சோலையில் வாழும் சிங்கவால் குரங்கை. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஒரு கூட்டத்தில் பதினைந்து, இருபது உருப்படி இருக்கும்; வெடிப்பலா பழுத்த மரம் தேடி ஐந்து சதுர கிலோமீட்டர் வரை கூடச் சுற்றும். தரைக்கு இறங்குவது அபூர்வம்.

ஸ்டீவன் கிரீன், காரென் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1973 முதல் 1975 வரை சிங்கம்பட்டி மலையில் காக்காச்சிப் பக்கம் இக்குரங்குகளைப் பின்தொடர்ந்தார்கள். 1976ல் களக்காடு சரணாலயம் இந்தக் குரங்கை மனத்தில் வைத்தே ஏற்பட்டது. மறு வருஷம் அவர்கள் வெளியிட்ட கணக்கு எல்லோரையும் திடுக்கிட வைத்தது: உலகம் முழுவதும் காட்டில் மிஞ்சியவை 405!

இன்று சொல்லப்படும் கணக்கோ சுமார் நாலாயிரம். அப்படியானால் பத்து மடங்கு பெருகிவிட்டதா? அந்த ஜாதி அவ்வளவு அவசரப்படுவதில்லை. பெண் குரங்கு தலைப்பிள்ளை பெறவே ஆறு வயது தாண்டும்; அடுத்த குட்டிக்கு இரண்டரை, மூன்று வருஷம் ஆகும். பெருகியது குரங்கு அல்ல. தேடிய காடும் எண்ணிய முறையும்தான். கர்நாடகத்தில் சிர்சி-ஹொன்னாவரக் காடுகளில் பிறகு தேடிப் பார்த்தபோது முப்பதுக்கு மேற்பட்ட கூட்டங்கள் தென்பட்டன. எண்ணுகிறவர் போகாத காட்டுக்குக் கணக்கில் பூஜ்யம்தானே!

சரி, எப்படி எண்ணுகிறார்கள்? புத்தகங்கள் மிகவும் மெச்சுவது நேர்கோட்டு நடை முறை. காட்டுக்குள் நேராக ஒரு பாதை வகுத்து, காலையில் மெல்ல நடக்கவேண்டும். குரங்கு தென்பட்டால், அது பாதையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தூரம் கூடக்கூடக் கண்ணில் படுவது குறையுமல்லவா? அந்தக் குறைவைக் கொண்டே, கண்ணுக்குத் தப்பியவை எத்தனை என்று கணிதம் சொல்லிவிடும். அழகான யுக்தி! ஆனால் அறுபது தடவையாவது கண்ணில் பட்டால்தான் கணக்கு நிற்கும். நம் சோலையிலோ நாள்கணக்கில் நடந்தாலும் ஒரு கூட்டம்கூடத் தென்படாமல் போகலாம். தென்பட்டாலும் மரத்துக்கு மரம் பரவியிருக்கிற கூட்டத்தில் எந்தக் குரங்கு வரை தூரம் அளப்பது?

ஆகவே, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கூட்டங்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து எண்ணும் முறையே இங்கே மேல் என்பது என் அபிப்பிராயம். மரக்கிளைகள் விட்டுப்போன ஓர் இடைவெளியைக் கூட்டம் தாண்டும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். சாயங்காலம் கோழிகளைக் கூட்டில் அடைக்கும்போது நாம் எண்ணுகிற மாதிரி! ஆள் அதிகம் வேண்டும், கால் கடுக்கும், ஒரே கூட்டத்தை இரண்டு கோஷ்டிகள் எண்ணிவிடும் அபாயமும் உண்டு.

குரங்குக்குக் குரங்கு வழி வேறு. அஸ்ஸாமில் ஹூலக் என்னும் வாலில்லாக் குரங்குத் தம்பதிகள் காலையில் சேர்ந்து பாடும். பல இடங்களில் ஆளை நிறுத்தி, பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று குறித்து ஜோடிகளைக் கணக்கிடுகிறார்கள். போர்னியோவின் ஒராங்குட்டான் தினந்தோறும் புதிதாகப் படுக்கை கட்டும். அங்கே படுக்கையைத்தான் எண்ணுகிறார்கள். நம் கல்யாண வீட்டு எச்சில் இலைக் கணக்கேதான்! ஒரு படுக்கை எத்தனை நாள் கலையாமல் இருக்கும் என்பதில் பிசகினால் மொத்தமும் பிசகிவிடும்.

இந்தப் பிசகு சில்லறை விஷயமல்ல. கணக்கில் மூன்றில் ஒரு பங்கு தவறு இருக்குமானால், காட்டில் கால் பங்கு குரங்கு செத்துப்போனாலும் காகிதத்தில் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

தேவாங்கை எண்ணுகிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2022ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் ஏற்பட்டதே, அந்தச் சாதுப் பிராணிதான். இராத்திரியில் நெற்றி விளக்குக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். புதருக்குள்ளே இரண்டு கண்கள் தணல்போல் மின்னும். மொத்தம் எத்தனை என்று அவர்கள் தலையை உடைத்துக்கொள்வதில்லை. ஒரு கிலோமீட்டர் நடையில் எத்தனை ஜோடிக் கண்கள் என்று மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த வருஷமும் அதே மாதத்தில், அதே பாதையில், அதே நிதானத்தோடு நடந்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.