மழை விட்ட பிறகு வாருங்கள்

புத்தளத்திலிருக்கும் என் உம்மும்மா தொலைபேசியில் ஸலாம் சொன்ன கையோடு கேட்கும் முதல் கேள்வி, "அங்கே மழை விட்டுதா மகள்?" என்பதுதான். ஜூலை மாதத்திலும் அதையே கேட்பார். அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனது 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி. இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாள் அது. ஐப்பசி மாதம்; மாரி தொடங்கும் நேரம். அவருடைய மனதில் எங்கள் ஊருக்கு இன்னும் மாரிகாலம்தான்.

அவரைச் சோனகத் தெருவுக்கு அழைத்துவர நாங்கள் இரண்டு தடவை ஒழுங்கு செய்தோம். இரண்டும் டிசெம்பர் விடுமுறையில். முதல் தடவை வெள்ளத்தால் பயணமே நின்றது. இரண்டாவது தடவை வந்தார். ஒழுங்கையில் தண்ணீர் வற்றாததால் நான்கு நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, தான் பிறந்த வளவைக்கூடப் பார்க்காமல் இருமலோடு திரும்பினார். இப்போது அவருக்கு 78 வயது. முழங்கால் வலியும் உண்டு. மூன்றாவது தடவையும் பிழைத்துப் போகக் கூடாது.

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளை என்பதால், நாள் குறிக்கும் பொறுப்பை வாப்பா என்னிடம் தந்தார். அதற்காகத் தேடி அறிந்துகொண்டவற்றை, வெளியூரிலிருந்து உறவினரை அழைக்கும் எல்லோருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்லஸை விரித்தேன். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விரலை மேற்கே நகர்த்தினால் அரபிக் கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் சமுத்திரம் எல்லாம் கடந்து மத்திய அமெரிக்கா வரும். அங்கே ஏறத்தாழ 9 பாகையில் பனாமா நகரம் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒரே வெயில், ஒரே அளவு பகற்பொழுது. ஆனால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பனி கொட்டும் டிசெம்பர் கடைசியில் பனாமா நகரத்தில் மழை நின்று வானம் வெளுக்கிறது. எங்களுக்கோ அப்போதுதான் வாய்க்கால் நிரம்பி வழிகிறது. அங்கே டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை உலர்காலம். வடகோளத்தில் இருந்தும் அந்த மாதங்களை அவர்கள் ஸ்பானிய மொழியில் 'வெரானோ', அதாவது கோடை என்கிறார்கள். நாங்கள் மாரி, கோடை என்று மழையைப் பார்த்துப் பெயர் வைத்ததைப் போலத்தான்.

ஒரே அகலக்கோட்டில் ஏன் இந்த வேறுபாடு? இரண்டு இடத்திலும் அந்த மாதங்களில் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் காற்றுத்தான். பனாமாவுக்கு வரும் வியாபாரக் காற்று கரீபியன் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து, நாட்டின் வடக்குக் கரையிலும் மலைகளிலும் மழையை இறக்கிவிடுகிறது. பனாமா நகரம் மறுபக்கத்தில், பசுபிக் கரையில் இருக்கிறது. அங்கே வந்துசேரும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. எங்களுக்கு வரும் வாடைக்காற்றோ வங்காள விரிகுடாவைக் கடந்து நேரே வருகிறது. இடையில் தடுக்க ஒரு மலையும் இல்லை.

இதே வேலை எங்கள் நாட்டிலும் ஆறு மாதம் கழித்து எதிர்ப்பக்கமாக நடக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி காலியையும் இரத்தினபுரியையும் நனைத்து, மத்திய மலைநாட்டில் மழையை இறக்கிவிடுகிறது. வடக்கே எங்களுக்கு வருவது காய்ந்த சோழகக் காற்று. அப்போது யாழ்ப்பாணமும் ஒரு பனாமா நகரம்தான்.

எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சியும் வடகீழ் பருவப்பெயர்ச்சியின் தொடக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாவதும் இந்தக் காலத்தில்தான். 2008 நவம்பரில் நிஷா புயலும், 2024 நவம்பரில் பெங்கல் புயலும் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தின. ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு, மழையைத் தரும் அயன ஒருங்கல் வலயம் தெற்கே நன்றாக விலகிவிடுகிறது. வாடை தொடர்ந்து வீசினாலும் மழை குறைந்துவிடும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பெரிய பட்டங்கள் ஏறுவது அந்த வாடையில்தான். பெப்ரவரியில் மழை மிகச் சொற்பம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறிவிடும். ஓகஸ்டிலும் மழை இல்லை. ஆனால் புழுதியும் அனல்காற்றும் வயதானவர்களுக்கு ஆகாது. ஆகவே மாரி முடிந்து வெக்கை தொடங்கும் முன், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை உள்ள ஆறேழு வாரங்கள்தான் உம்மும்மாவுக்கு ஏற்றவை.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. மழை சூரியனைப் பார்த்து வருகிறது. நோன்பு பிறையைப் பார்த்து வருகிறது. ரமழான் ஒவ்வோர் ஆண்டும் 11 நாள் அளவில் முன்னே நகரும். 2025 இல் மார்ச் தொடக்கத்தில் வந்த ரமழான் 2026 இல் பெப்ரவரி 19 அளவில் வந்தது. 2027 இல் பெப்ரவரி இரண்டாம் வாரத்திலும், 2028 இல் ஜனவரி கடைசியிலும் வரும். 2030 ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசெம்பரிலுமாக இரண்டு தடவை தொடங்கும். நோன்போடு நீண்ட பயணம் உம்மும்மாவுக்குக் கடினம். ஆகவே, காய்ந்த வாரங்களில் ரமழானுக்கு முன் மிஞ்சும் நாட்களை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கணக்கிட வேண்டும். எங்கள் கணக்கில் 2027 ஜனவரி கடைசி வாரம் சரியாக வந்தது.

"அப்போது பள்ளிக்கூடம் இருக்குமே" என்றார் உம்மா. இருக்கும். ஆனால் விடுமுறை எனக்குத்தான் வேண்டும். உம்மும்மாவுக்கு வேண்டியது காய்ந்த ஒழுங்கை. நான் மத்தியானம் வந்து அவரோடு இருந்துகொள்ளலாம். பெப்ரவரி 4 சுதந்திர தின விடுமுறையும் இருக்கிறது.

நாள் முடிவானதும் மற்றவற்றை எழுதி வைத்தோம். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வரை வாகனம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில். கால் நீட்டி இருக்கலாம், எழுந்து நடக்கலாம். அந்த மாதங்களில் விடியற்காலையில் பனி விழும். பழைய இருமல் திரும்பாமல் இருக்க, காலை 8 மணிக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும்தான் வெளியே போவது. வாடைக்குக் கடல் கொந்தளிப்பதால் குறிகட்டுவான் படகும் நெடுந்தீவும் வேண்டாம். வீதியால் போகக்கூடிய காரைநகர்க் கடற்கரை போதும். பொன்னாலைப் பாலத்தால் போகும்போது கடனீரேரியில் வலசைப் பறவைகளையும் பார்க்கலாம். சராசரி என்பது உறுதிமொழி அல்ல. ஜனவரியிலும் சில ஆண்டுகளில் மழை பெய்திருக்கிறது. அதனால் கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்து, புறப்பட முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. உலர்காலத்தின் அழகு முன்னே பெய்த மழையால் வருவது. 2023 இல் பனாமாவில் மழைக்காலம் பொய்த்தபோது, கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரி வற்றியது. நாளொன்றுக்குச் செல்லும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அந்த நகரத்தின் குடிநீரில் ஒரு பகுதியும் அதே ஏரியிலிருந்துதான். எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மாரி சேமித்து வைக்கும் நன்னீர்தான் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. அதற்குக் கீழே உப்பு நீர். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். வரும் விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

திட்டத்தை உம்மும்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பறவையையும் கடற்கரையையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வளவுக் கிணத்தில தண்ணி இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். செப்டெம்பரில் வந்தால் அடியில்தான் தெரியும். டிசெம்பரில் வந்தால் கிணற்றடிக்கே போக முடியாது. ஜனவரி கடைசியில் ஒழுங்கை காய்ந்திருக்கும், கிணறு நிறைந்திருக்கும்.

"இருக்கும் உம்மும்மா. கட்டில் நின்று எட்டிப் பார்த்தால் முகம் தெரியும்" என்றேன்.

"அப்ப வாறேன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.