எழுந்து நின்னா தலை சுத்துதா? நின்னபடியும் பி.பி. பார்க்கச் சொல்லுங்க!



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு உடம்பைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "உட்கார்ந்து எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது, விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு." வீட்டில் சொன்னால் என்ன பதில் கிடைக்கும்? "நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல", "வேலைக்குப் பயந்து சொல்றா", "எல்லாம் மனசுதான்." ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்தால் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. ஏன் சரியாக இருக்கிறது? உட்கார வைத்துப் பார்த்தார்கள். தலை சுத்துவதோ நிற்கும்போது!

இந்த ஒரு தொல்லையைப் புரிந்துகொள்ளவே பல ஆண்டுகள் உழைத்த ஒரு மருத்துவரைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம். அவர் பெயர் டேவிட் ராபர்ட்சன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளில் கோளாறு உள்ளவர்களுக்காக 1978-ல் அங்கே தனி மையம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கி வளர்த்தவர் அவர்.

நிற்பது சும்மா வேலையா?

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். அப்படியே விட்டால் மூளைக்கு ரத்தம் போதாமல் மயக்கம் வரும். ஆனால் உடம்பு விடுவதில்லை. சில நொடிகளுக்குள் நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தைக் கொஞ்சம் வேகமாகத் துடிக்கவைத்து, ரத்தத்தை மேலே ஏற்றிவிடுகின்றன.

நம்ம ஊர் தண்ணீர் டேங்கை நினைத்துப் பாருங்கள். பள்ளத்துத் தெருவில் எல்லாக் குழாயும் திறந்திருந்தால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. டேங்க் ஆபரேட்டர் கீழே வால்வைக் கொஞ்சம் அடைத்தால்தான் மேலே ஏறும். நம் உடம்பில் அந்த ஆபரேட்டர் வேலையைச் செய்வது தானியங்கி நரம்பு மண்டலம். நாம் சொல்லாமலே, தூங்கும்போதும் வேலை செய்கிற நரம்புகள் இவை. ஆபரேட்டர் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் ராபர்ட்சனின் ஆராய்ச்சி.

காபியிலிருந்து தொடங்கியது

1978-ல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் காபி குடிக்கும் பழக்கம் இல்லாத 9 பேருக்கு 250 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். அது 2, 3 கப் காபியில் இருக்கும் அளவு. ஒரு மணி நேரத்தில் பி.பி.யின் மேல் அளவு 14-ம், கீழ் அளவு 10-ம் ஏறியது. காபி கெடுதல் என்று அத்தோடு முடிவு கட்டிவிடவில்லை. தினமும் கொடுத்துக்கொண்டே வந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தார்கள். சில நாட்களிலேயே உடம்பு பழகிக்கொண்டது, பி.பி. பழையபடி ஆகிவிட்டது. இதை 1981-ல் வெளியிட்டார்கள். ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது இதில் நமக்கும் ஒரு பாடம்.

பால் இருக்கு, உறை மோர் இல்லை

ரத்தக்குழாயைச் சுருக்கச் சொல்லி நரம்பு அனுப்புகிற செய்திக்கு நார்அட்ரீனலின் என்று பெயர். அது டோபமைன் என்ற இன்னொரு பொருளிலிருந்து உண்டாகிறது. பாலைத் தயிராக்க உறை மோர் வேண்டும் இல்லையா? அதுபோல டோபமைனை மாற்ற ஒரு என்சைம் வேண்டும்.

எழுந்து நின்றால் பி.பி. சட்டென்று விழுந்துவிடுகிற ஒரு நோயாளியை ராபர்ட்சன் குழுவினர் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் டோபமைன் மிக அதிகம், நார்அட்ரீனலின் இல்லவே இல்லை என்கிற நிலை. பால் நிறைய இருக்கிறது, உறை மோர்தான் இல்லை. பிறவியிலேயே அந்த என்சைம் இல்லாத, மிக அரிதான இந்த நோயை 1986-ல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே மருந்துக்கும் வழி பிறந்தது. அந்த என்சைம் இல்லாமலே, உடம்பில் உள்ள வேறொரு என்சைம் மூலம் நார்அட்ரீனலினாக மாறக்கூடிய மருந்து டிராக்ஸிடோபா. அதைக் கொடுத்ததும் ரத்தத்தில் நார்அட்ரீனலின் வந்தது, நோயாளியால் நிற்க முடிந்தது. இந்த ஆய்வை இட்டாலோ பியாஜியோனியும் ராபர்ட்சனும் 1987-ல் வெளியிட்டார்கள். நரம்புக் கோளாறால் நிற்கும்போது பி.பி. இறங்குகிறவர்களுக்காக இந்த மருந்துக்கு 2014-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இரட்டைச் சகோதரிகள்

இன்னொரு பெண். பல வருஷமாக, நின்றால் படபடப்பு, மயக்கம். நிற்கும்போது இதயம் ரொம்ப வேகமாக அடித்தது. இப்படி வருகிறவர்களை "பயம், பதற்றம், மனசுதான் காரணம்" என்று ஒதுக்குவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அந்தப் பெண்ணோடு கூடப் பிறந்த, ஒரே மாதிரியான இரட்டைச் சகோதரிக்கும் இதே தொல்லை இருந்தது.

வேலை முடிந்த நார்அட்ரீனலினை நரம்பு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான ஜீன் இவர்களிடம் மாறியிருந்ததால் அந்த வேலை ஏறக்குறைய நடக்கவே இல்லை. சொன்ன செய்தியையே ஒருவர் காதருகில் விடாமல் கத்திக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? இதயத்துக்கு அந்த நிலைதான். வாண்டர்பில்ட் குழு இதை 2000-ல் வெளியிட்டது. தொல்லை கற்பனையில் இல்லை, ஜீனில் இருந்தது. படபடப்பு உள்ள எல்லோருக்கும் இதே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தேடினால்தானே காரணம் கிடைக்கும்?

ரெண்டு டம்ளர் தண்ணீர்

சாதாரணத் தண்ணீர் பி.பி.யை ஏற்றும் என்று மருத்துவர்கள் நினைத்ததில்லை. தானியங்கி நரம்புகள் பழுதான நோயாளிகளுக்கு 480 மில்லி தண்ணீர் கொடுத்து இவர்கள் அளந்தார்கள். நம் கணக்கில் பெரிய டம்ளரில் 2 டம்ளர். சில நிமிடங்களிலேயே பி.பி. ஏறத் தொடங்கி, அரை மணி நேர அளவில் உச்சத்துக்குப் போனது. மேல் அளவு சராசரியாக 30-க்கு மேல் ஏறியது. ஆரோக்கியமான இளவயதுக்காரர்களுக்கு ஏறவில்லை. இது 2000-ல் வெளிவந்தது. ரத்ததானம் செய்யும் பள்ளி மாணவர்களுக்கு முன்கூட்டியே இதே அளவு தண்ணீர் கொடுத்தால் மயக்கம் குறைகிறது என்று 2007-ல் இன்னொரு குழு காட்டியது. மாத்திரை மட்டும்தான் வைத்தியம் என்பதில்லை பாருங்கள்!

நாம் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன நோய்கள் மிக அரிது. நம் பெண்களுக்குத் தலை சுத்த ரத்தசோகை, மாதவிடாயில் அதிகப் போக்கு, கர்ப்பம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது, வயிற்றுப்போக்கு, சில மாத்திரைகள், சர்க்கரை நோயால் நரம்பு கெடுவது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். எதுவாக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான்: அளந்து பார்ப்பது.

• ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, "எழுந்து நின்னாதான் தலை சுத்துது, படுக்கவெச்சும் நிக்கவெச்சும் பி.பி. பாருங்க" என்று கேளுங்கள். 5 நிமிடம் படுத்தபின் ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவர் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

• நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சகோதரிகளின் கோளாறு நாடியில்தான் தெரிந்தது. ரத்தசோகைக்கும் சர்க்கரைக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

• பி.பி. மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது. மாத்திரை போட்டபின் தலை சுத்தினால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம். உப்பை நாமாகக் கூட்டவும் கூடாது. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

• காலையில் எழும்போது சட்டென்று எழாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு நில்லுங்கள்.

• யாராவது மயங்கினால் தூக்கி நிறுத்த வேண்டாம். படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. உடனே தெளியவில்லை என்றாலோ, நெஞ்சுவலி, வலிப்பு இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

நம் குழுவில் எத்தனை பேருக்கு நின்றால் தலை சுத்துகிறது? அவர்களில் எத்தனை பேருக்கு நிற்கவைத்துப் பி.பி. பார்த்திருக்கிறார்கள்? அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். பார்க்காதவர்கள் இருந்தால் ஒரு நாளைக் குறித்து, சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள். தனியாகப் போய்க் கேட்கத் தயங்குகிற சகோதரியும் நாலு பேரோடு போனால் தைரியமாகக் கேட்பாள்.