மலைநிலையச் செய்திகளும் நோடு 22 ஆம் பதிப்பும்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி மலைச்சரிவுகள் மிக்கது. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மண் சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டனர். தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனமையால், செய்தி மறுநாட் காலையிலேயே வெளியுலகை எட்டியது.

மண்ணின் ஈரத்தையும் நகர்வையும் அளக்கும் உணர்கருவிகளை மூணாற்றில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நிறுவியிருந்தனர். இத்தகைய நிலையங்கள் பலவும் ஒரே வேளையில் அனுப்பும் அளவுகளை ஏற்பது வழங்கிக் கணினியின் கடமையாகும். இப்பணிக்கு ஏற்ற மென்பொருள்களுள் ஒன்று, 2009 இல் ரையன் டால் வெளியிட்ட நோடு.ஜேஎஸ். இணையப் பக்கங்களுக்கென எழுந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியை இது வழங்கியிலும் இயக்குகிறது. ஒரு நிலையத்தின் விடைக்காகக் காத்து நில்லாது, வந்த செய்தியை உடனே கவனித்து, அடுத்ததற்குச் செல்வது இதன் இயல்பு.

2024 ஏப்ரலில் வெளியான 22 ஆம் பதிப்பில் மூன்று வசதிகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, வெப்சாக்கெட் முறையில் இணைப்பைத் தொடங்கும் திறன் நோடுடனேயே அமைந்துள்ளது. ஒவ்வோர் அளவுக்கும் புதிய இணைப்பை ஏற்படுத்தாமல், ஒரே வழியைத் திறந்து வைத்து இருபுறமும் செய்தி அனுப்ப இம்முறை உதவுகிறது. முன்னர் இதற்கு வெளியார் எழுதிய நிரல்தொகுப்பு வேண்டியிருந்தது. இணைப்பை ஏற்கும் வழங்கியின் பக்கத்திற்கு அது இன்னும் தேவை. இரண்டாவது, தொடர்ந்து வரும் தரவைத் தாங்கும் இடைத்தேக்கத்தின் இயல்பளவு 16 கிலோபைட்டிலிருந்து 64 ஆக உயர்ந்துள்ளது. இதனால் வேகம் கூடும். நினைவகத் தேவையும் சிறிது கூடும். மூன்றாவது, நிரலைத் திருத்தியவுடன் அதனைத் தானே மறுபடி தொடங்கும் கண்காணிப்பு முறை சோதனை நிலையைக் கடந்து நிலைபெற்றுள்ளது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வழி அறுந்தால் வெப்சாக்கெட் தானாக மீண்டும் இணைவதில்லை. அறுந்தமையை நிரலுக்கு அறிவிப்பதே அதன் வேலை. அவ்வறிவிப்பும் தாமதிக்கக் கூடும். ஆதலின், குறித்த இடைவெளிகளில் சிறு செய்தி அனுப்பி மறுமொழி பெறுவதும், அது வாராவிடின் இணைப்பைப் புதுப்பிப்பதும், அதுவரை வந்த அளவுகளை நிலையத்திலேயே சேமிப்பதும் நிரல் எழுதுவோரின் பொறுப்பாகும். மலைநிலையம் மௌனமாவதே ஓர் அபாயக் குறி எனக் கொள்ளும் நிரலே அங்கு வாழ்வோருக்குப் பயன்படும்.