மூன்றாவது மகன்

வாசகர் வளர்த்த பிள்ளைகள் – 14

போன வாரம் உங்களை மென்சோபெரான்சன் நகர வாசலில் விட்டுவிட்டு வந்தேன். பாதாள நகரம், சிலந்தித் தெய்வம் லோல்த், பெண்கள் ஆளும் டார்க் எல்ஃப் குடும்பங்கள். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் அவர்களுடைய கறுப்பு நிறத்தைப் பற்றி வாசகர்கள் போட்ட சண்டையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு விவரத்தைச் சரிபார்க்க 'ஹோம்லேண்ட்' நாவலை எடுத்தேன். மூன்று நாளாகியும் அதன் தொடக்க அத்தியாயங்களைத் தாண்ட முடியவில்லை.

ஆர். ஏ. சால்வடோர் எழுதிய அந்த நாவலின் நாயகன் டிரிஸ்ட் டோ'உர்டன் பிறக்கும் இரவு அது. மேலிஸ் என்கிற குடும்பத் தலைவி பிரசவ வலியில் துடிக்கிறாள். வலி வீணாகக் கூடாதென்று அதையே மந்திர சக்தியாக மாற்றி, எதிரிக் குடும்பத்தின் மீது ஏவிக்கொண்டிருக்கிறாள். அங்கே அவளுடைய பிள்ளைகளும் படைகளும் அந்தக் குடும்பத்தைப் பூண்டோடு அழித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பிறப்பது மூன்றாவது மகன். மூன்றாவது ஆண் பிள்ளை லோல்த்துக்குப் பலி என்பது அவர்கள் வழக்கம். குழந்தை பிறந்தாயிற்று, மூத்த அக்கா கத்தியோடு தயார். அதே நேரம், சண்டை நடக்கும் இடத்தில் இரண்டாவது மகன் டினின், மூத்தவன் நால்ஃபைனின் முதுகில் வாளைச் செருகுகிறான். அண்ணன் செத்த சேதி மனவழியே எட்டுகிறது. கணக்கு மாறிவிட்டது. மூன்றாவது மகன் இப்போது இரண்டாவது மகன். கத்தி நிற்கிறது.

யாரும் அந்தக் குழந்தைமேல் இரக்கப்படவில்லை. ஒரு கொலைகாரனின் அவசரத்தில் அது பிழைத்தது, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, டிரிஸ்ட் நிஜத்தில் பிறந்த கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது.

1987. சால்வடோர் பகலில் அலுவலக வேலை, இரவில் எழுத்து என்று இருந்தவர். 1978 பிப்ரவரியில் பெரும் பனிப்புயலில் வீட்டோடு முடங்கியபோது, கிறிஸ்துமஸ் பரிசாக வந்திருந்த டோல்கீன் புத்தகங்களைப் படித்து இந்தப் பக்கம் திரும்பியவர். டிஎஸ்ஆர் பதிப்பகம் அவருடைய முதல் நாவலை எடுத்துக்கொண்டது. வடக்கத்திப் பனிநிலத்து வீரன் வுல்ஃப்கார்தான் கதாநாயகன். அவனுக்குத் துணையாக, பதிப்பகத்தின் இன்னொரு எழுத்தாளர் படைத்த பாத்திரத்தை மாதிரி அத்தியாயத்தில் போட்டிருந்தார். ஒருநாள் பதிப்பாசிரியர் மேரி கிர்ச்சாஃப் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பாத்திரம் கூடாது, வேறு ஆள் வேண்டும். ஒரு வாரம் கொடுங்கள் என்று சால்வடோர் கேட்டார். அவகாசமே இல்லை, விற்பனைக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இப்போதே சொல்லுங்கள் என்றார் அவர். அந்த நொடியில் சால்வடோரின் வாயில் வந்தது, ஒரு டார்க் எல்ஃப். பெயர் என்ன? டிரிஸ்ட் டோ'உர்டன். எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா? முடியாது!

பாருங்கள். இங்கேயும் வேறொருவன் வெளியேற்றப்பட்டான்; அந்த இடத்தில், சில நிமிடங்களுக்குள், எதிர்பாராத ஒருவன் உயிர் பெற்றான். கதைக்குள் மூன்றாவது மகன், கதைக்கு வெளியே துணையாளின் இடம். 'ஹோம்லேண்ட்' வந்தது 1990இல், அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு அப்புறம். சால்வடோர் தெரிந்தே இப்படி அமைத்தாரா என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் தன் பிள்ளை எப்படிப் பிறந்தான் என்பதை எந்த எழுத்தாளனின் கையும் மறக்காது என்றே நினைக்கிறேன்.

இடையில் நடந்ததுதான் நம் தொடரின் விஷயம். 1988இல் 'தி கிரிஸ்டல் ஷார்ட்' வந்தது. வுல்ஃப்காரைத் தாண்டி வாசகர்கள் ஓரத்தில் நின்றவனைப் பார்த்தார்கள். ஊதா நிறக் கண், இரண்டு வளைந்த வாள், கூடவே ஒரு கருஞ்சிறுத்தை. கொலைகாரர்கள் என்று பேரெடுத்த கூட்டத்தில் பிறந்துவிட்டு இவன் மட்டும் ஏன் இப்படி, எங்கிருந்து வந்தான் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 'ஹோம்லேண்ட்', 'எக்ஸைல்', 'சோஜர்ன்' என்ற மூன்று நாவல்கள் பிறந்தன. அதாவது, டிரிஸ்டுக்கு அம்மா, அப்பா, ஊர், குழந்தைப்பருவம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் வாசகர்கள்.

என்னிடம் இருப்பது திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய பழைய பிரதி. முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். வாள்சண்டைப் பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் டிரிஸ்ட் தன் குரலில், கதையை நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு பக்கம் யோசிப்பான், அங்கேதான் கோடெல்லாம். போர்ப் பயிற்சி அகாடமிக்குள் பொய்யையே வரலாறாகச் சொல்லிக்கொடுக்கும் பகுதி வருகிற இடத்தில் கோடு இரண்டாகி, பென்சில் முனை ஒடிந்து காகிதத்தில் கரித் தீற்றலாகப் பரவியிருக்கிறது. அந்த மனிதருக்கு அன்றைக்கு என்ன நடந்திருக்கும்?

இந்தப் பக்கங்களில்தான் வாசகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். பிரசங்கம், தாண்டிப் போய்விடுவேன் என்கிறது ஒரு கூட்டம். சண்டையை இவர்போல எழுத ஆளில்லை, அதை விட்டுவிட்டு உபதேசம் எதற்கு என்பது அவர்கள் வாதம். சண்டையை இவர் அடி அடியாக எழுதுவது உண்மைதான். வாள் எந்தப் பக்கம் திரும்பியது, கால் எங்கே ஊன்றியது என்று கண்ணில் தெரியும். ஆனாலும் நான் பென்சில்காரர் கட்சி. சொந்த வீட்டிலேயே அந்நியனாக உணர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாள்வீச்சு எதற்கு உதவும்? தன்னைப் போலவே ஒருவன் தனியே உட்கார்ந்து யோசிக்கிறான் என்பதுதான் துணை.

இரண்டாவது சண்டை, செத்தவர்கள் திரும்பி வருவது. வுல்ஃப்கார் 1992இல் செத்து 1996இல் வந்தான். பிற்பாடு மொத்த நண்பர் கூட்டமும் ஒவ்வொருவராகப் போய், 2013இல் மறுபிறவியாகத் திரும்பியது. அதைக்கூட நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஸக்நாஃபைன்! டிரிஸ்டின் அப்பா, வாள் ஆசான், அந்த நகரத்திலேயே மனசாட்சியோடு இருந்த ஒரே இன்னொரு ஆள். மகனுக்குப் பதிலாகத் தன்னைப் பலிகொடுத்தவர். 2018இல் 'டைம்லெஸ்' நாவலில் அவர் மறுபடி நடமாடினார். 'ஹோம்லேண்ட்' வந்த ஆண்டே அதைப் பதினைந்தில் படித்தவர்களுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அப்பாவை இழந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்த வயதில் இப்படி ஒரு திரும்புதல் எவ்வளவு தித்திக்கும் என்று புரிகிறது. இருந்தும், அவர் வந்திருக்க வேண்டாம். டிரிஸ்டின் ஒவ்வொரு யோசனைக்கும் அடியில் அந்தக் கடன் இருந்தது. திருப்பிக் கொடுக்க முடியாததால்தான் அது கடன்.

சால்வடோருக்கு மறுபக்கத்து அடியும் தெரியும். 1999இல் 'ஸ்டார் வார்ஸ்' நாவலான 'வெக்டர் பிரைம்' எழுதினார். அதில், படங்களில் வரும் சூபக்கா செத்துப்போகிறான். முடிவு பலர் கூடி எடுத்தது. கோபமெல்லாம் எழுதிய கைக்கு வந்து சேர்ந்தது. கொன்றால் ஏன் கொன்றாய், எழுப்பினால் ஏன் எழுப்பினாய்! ஒருவரே இரண்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இவ்வளவு ஆத்திரத்தோடு கேட்க ஆள் இருக்கிறார்கள் என்றால், அந்தப் பாத்திரங்கள் எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிறச் சண்டைக்கு இந்த வாரம் இடமில்லாமல் போய்விட்டது. ஓர் இனம் முழுவதையும் கறுப்பாக்கி, முழுவதையும் கெட்டதாக்கியது சரியா என்ற கேள்வி முற்றி, 2020 ஜூனில் இந்தக் கதையுலகின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே அறிக்கை விட வேண்டிவந்தது. அடுத்த ஆண்டே சால்வடோர், வடக்கே பனிப்பாளத்துக்குள், லோல்த்தின் பிடியில் சிக்காத ஒரு டார்க் எல்ஃப் ஊரைக் கட்டினார். அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போகிறோம். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.