எஸ்.ஏ.டி. தேர்வும் இலக்கணப் பயிற்சியும்

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு, 2024 முதல் அங்கே கணினி வழியில் நடக்கிறது. வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 64 நிமிடங்களில் 54 கேள்விகள். ஏறத்தாழ கால் பங்கு இலக்கணமும் நிறுத்தக்குறியும். விதியின் பெயரை யாரும் கேட்பதில்லை. சிறு பத்தியின் கோடிட்ட இடத்துக்குச் சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது ஆங்கிலத்தில் பிழை. அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ, காற்புள்ளியுடன் ஓர் இணைப்புச் சொல்லோ தேவை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நீண்ட தொடர் புகுந்தால் ஒருமை, பன்மை குழம்பும். அந்தத் தொடரை மனத்தில் நீக்கிவிட்டு வாசித்தால் தெளியும். மாதிரித் தேர்வுகளை அடுக்கடுக்காக எழுதுவதைவிட, தவறிய விடை ஏன் தவறு என்று நோட்டில் குறித்துவைப்பதே உண்மையான பயிற்சி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் முழு மாதிரித் தேர்வுகள் புளூபுக் செயலியில் இலவசம்.