மடிக்கணினியின் காதருகே சத்தம் போடுவது யார்?

“சார், வைஃபை கட்டாயிடுச்சு.”

வீட்டிலிருந்தபடி கற்கும் நாள்களில் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. உயர்நிலை மூன்றில் படித்த ஒரு மாணவர் இதை ஒரே தவணையில் என்னிடம் நான்கு முறை சொன்னார். நான்காவது முறை அவர் பாதியில் காணாமல் போனது மதிப்பெண் உள்ள தேர்வின்போது.

நான் நம்பவில்லை. அதே மடிக்கணினி பள்ளியில் ஒழுங்காக வேலை செய்தது. அவர் வீட்டிலோ, அதே நேரத்தில் அதே வைஃபையில் தங்கை தடையில்லாமல் காணொளி பார்த்துக்கொண்டிருந்தாராம். பழுது பார்க்கும் கடையில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, “கணினியில் ஒரு கோளாறும் இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாக்குச் சொல்கிறார் என்றே முடிவு கட்டினேன். அவருடைய தந்தை மட்டும் மகனை நம்பி, புதிய கணினி வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார்.

மாணவர் சொன்னது உண்மை. கடைக்காரர் சொன்னதும் உண்மை. இவை இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? உங்கள் வீட்டு மடிக்கணினியும் இப்படி அடிக்கடி இணையத்தை இழக்கிறது என்றால், புதியது வாங்குவதற்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

‘தொடர்பு’ என்றால் என்ன?

கம்பி வழி இணைப்பில் தொடர்பு என்பது கையால் தொடக்கூடிய ஒன்று. வைஃபையில் அப்படி எதுவும் இல்லை. ரவுட்டர் நொடிக்குச் சுமார் 10 முறை, “நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது” என்று ஒரு சிறு வானொலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மடிக்கணினி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்கும்வரை தொடர்பு உண்டு. தொடர்ந்து பல செய்திகள் காதில் விழாமல் போனால், ரவுட்டர் போய்விட்டது என்று கணினி தானாகவே முடிவு செய்து தொடர்பை விட்டுவிடுகிறது.

கூட்டமான காப்பிக்கடையில் உங்கள் எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறீர்கள். கடைக்காரரின் குரல் சன்னமாக இருந்தால் உங்களுக்குக் கேட்காது. குரல் கணீரென்று இருந்தாலும், பக்கத்து நாற்காலிக்காரர் கைப்பேசியில் பாட்டை அலறவிட்டால் அப்போதும் கேட்காது. நான்கு மேசை தள்ளி இருப்பவருக்கு அதே குரல் தெளிவாகக் கேட்டிருக்கும். வைஃபை துண்டிப்பு என்றதும் நாம் எல்லாரும் கடைக்காரரின் தொண்டையைத்தான் சந்தேகிக்கிறோம். நம் காதருகே இருப்பதைப் பார்ப்பதில்லை.

அந்தக் காது எவ்வளவு கூர்மையானது தெரியுமா? சில அறைகள் தள்ளியிருக்கும் மடிக்கணினியின் உணர்கொம்பை வந்தடையும் ஆற்றல் ஒரு வாட்டின் 10 பில்லியனில் ஒரு பங்காக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் படமே பார்க்கிறீர்கள். இவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்கும் காதுக்கு மிகச் சிறிய இரைச்சலே போதும்.

முதலில் எந்தப் பக்கம் அறுந்தது?

உங்கள் இணையம் இரண்டு கண்ணிகள் கொண்டது. மடிக்கணினியிலிருந்து ரவுட்டர்வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து சுவரில் உள்ள கண்ணாடி இழை வழியாக வெளியுலகம்வரை இன்னொன்று. எது அறுந்தது என்று தெரியாமல் எதைச் சரி செய்தாலும் அது குருட்டு வைத்தியம்.

தொடர்பு போன அந்த நிமிடத்திலேயே ஒரு கைப்பேசியை எடுத்து, அதே வைஃபையில் ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியின் சொந்தத் தரவுச் சேவையை முதலில் அணைத்துவிட வேண்டும். இதை மறந்தால், வைஃபை செத்துக் கிடந்தாலும் கைப்பேசி சத்தமில்லாமல் தொலைத்தொடர்புக் கட்டமைப்புக்கு மாறிக்கொண்டு “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று காட்டிவிடும். இந்தச் சோதனையில் ஏமாந்தவர்கள் பலர். நானும் ஏமாந்திருக்கிறேன்.

கைப்பேசிக்கும் இணையம் இல்லை என்றால் மடிக்கணினி குற்றமற்றது. ரவுட்டர் சூடாகித் தானே நின்று மீண்டும் எழுகிறதா, இழைக் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடிய அலமாரிக்குள் ரவுட்டரை அடைத்து வைப்பது நம் ஊர் வெப்பத்தில் நல்லதல்ல. எல்லாச் சாதனங்களும் ஒரே நொடியில் விழுந்து, சுமார் ஒரு நிமிடத்தில் தாமாகத் திரும்புகின்றன என்றால் இன்னொரு காரணமும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் சில அலைவரிசைகளை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடாருக்கே முன்னுரிமை என்பதால், அதன் ஒலி கேட்டவுடன் ரவுட்டர் அந்த அலைவரிசையைவிட்டு விலகியாக வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 36 முதல் 48 வரை எண்ணுள்ள அலைவரிசை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இராது.

கைப்பேசி நன்றாக இருந்து, மடிக்கணினி மட்டும் விழுகிறது என்றால் முதல் கண்ணியில்தான் கோளாறு. இதை உறுதிப்படுத்த விண்டோஸ் கணினியில் ‘கமாண்ட் பிராம்ட்’ என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு ரவுட்டரின் எண் முகவரியையும், மீண்டும் இடம் விட்டு ஒரு சிறு கோட்டையும் அதை ஒட்டி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தையும் தட்டுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். இப்போது கணினி நொடிக்கு ஒரு முறை ரவுட்டரிடம் “இருக்கிறாயா?” என்று கேட்கும். பதில் வர 2, 3 மில்லிநொடி ஆனால் நலம். பதில் 200, 400 என்று தாவுகிறதா, இல்லை வராமலேயே போகிறதா என்று கவனியுங்கள். இது வெளியுலகைத் தொடாத சோதனை. பதில் வராததற்கு இணையச் சேவை நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

தானே காதைப் பொத்திக்கொள்ளும் கணினி

மின்கலத்தைச் சேமிப்பதற்காக விண்டோஸ் சில சமயம் வைஃபைப் பகுதிக்கே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. மின்னூட்டியில் செருகியிருக்கும்போது சரியாக இருந்து, மின்கலத்தில் ஓடும்போது மட்டும் துண்டிக்கிறதா? மூடித் திறந்தவுடன் தொடர்பு வர மறுக்கிறதா? இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதிக்குச் சென்று வைஃபைக் கருவியின் பண்புகளைத் திறந்தால், பல கணினிகளில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்ற பக்கம் இருக்கும். மின்சாரத்தைச் சேமிக்கக் கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். ஒரு பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகே தொல்லை தொடங்கியது என்றால், கணினித் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலிருந்து வைஃபைக்குரிய இயக்கி மென்பொருளைப் புதிதாகப் போடலாம்.

இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள் என்று மாணவர்களிடம் ஓயாமல் சொல்கிறோம். வீட்டுக்கு வந்ததும் ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் விழிக்கிறோம்.

என் மாணவரின் கணினியில் இவை எதுவும் காரணமில்லை. அவருடைய துண்டிப்பு இடத்தைப் பொறுத்தது. கூடத்தில் விழவில்லை, பள்ளியில் விழவில்லை. படுக்கையறை மேசையில் மட்டும் விழுந்தது.

சுவரும் அலைகளும்

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைத் தொகுதிகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்சில் அது சுமார் 6 சென்டிமீட்டர். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது. ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது அதிகம் நலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை அதைவிட நன்றாகத் தாண்டும். ஆனால் அது சந்தைக்கடை. அண்டை வீட்டு ரவுட்டர்கள், புளூடூத் காதணிபாடிகள், 2.45 கிகாஹெர்ட்சில் வேலை செய்யும் நுண்ணலை அடுப்பு எல்லாம் அங்கேதான். அந்தத் தொகுதியில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்ற மூன்றே மூன்று. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் எத்தனை ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. 1998ல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, புதிய வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் சொல்லும் காப்பறை கட்டப்படுகிறது. தடித்த கான்கிரீட், உள்ளே எஃகுக் கம்பிகள், எஃகுக் கதவு. குண்டுச் சிதறலைத் தடுக்கக் கட்டிய சுவர் வானொலி அலையை மட்டும் வரவேற்குமா? ஆனாலும் கம்பிகள் கண்ணில் படக்கூடாது என்று பலர் ரவுட்டரை அதற்குள்ளேயே வைக்கிறார்கள். என் மாணவர் வீட்டிலும் அப்படித்தான். கதவு திறந்திருந்ததால் கூடத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நன்றாக வந்தது. அவர் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவிலோ காப்பறையின் சுவர் நின்றது. இரண்டு தொகுதிகளுக்கும் ரவுட்டர் ஒரே பெயர் வைத்திருந்ததால், அறைக்குள் போனதும் மடிக்கணினி சொல்லாமல் கொள்ளாமல் 2.4க்கு மாறிக்கொண்டது.

அதுமட்டும் என்றால் வேகம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். தங்கையின் கைப்பேசியும் அதே அறையில், அதே 2.4ல்தான் ஓடியது. அது விழவில்லையே.

நீல நிறச் செருகுவாய்

மேசையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மடிக்கணினியின் வலப்பக்கத்தை ஒட்டி யுஎஸ்பி 3.0 ‘ஹப்’ ஒன்று, அதில் ஒரு வெளி வன்தட்டு. செயல்திட்டத்துக்காக எடுத்த காணொளிகளை அதில் சேமித்து வந்தார்.

யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக மாறும் மின்குறிப்பு, சரியாகக் கவசமிடப்படாத கம்பியிலிருந்தும் செருகுவாயிலிருந்தும் வானொலி இரைச்சலாகக் கசிகிறது. அந்த இரைச்சல் பரந்து கிடக்கும் எல்லைக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் தொகுதி முழுதாக அடங்கிவிடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இன்டெல் நிறுவனமே 2012ல் இதை அளந்து ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. கசியும் ஆற்றல் மிகச் சொற்பம். சற்று விலகினாலே மங்கிவிடும். ஆனால் மடிக்கணினியின் உணர்கொம்பு பெரும்பாலும் திரையின் ஓரத்திலோ விசைப்பலகையின் அருகிலோ இருக்கும். அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இந்த ‘ஹப்’. ரவுட்டரின் குரலோ சுவரைத் தாண்டி நலிந்து வருகிறது. காப்பிக்கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் பாட்டை அலறவிட்ட கதைதான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கையின் கைப்பேசிக்கு அந்தப் பாட்டு கேட்கவில்லை. பழுது பார்க்கும் கடைக்கு யாரும் ‘ஹப்’பை எடுத்துச் செல்லவில்லை. பள்ளிக்கும்தான்.

இதுவரை இது ஊகம். சோதிக்க வேண்டுமே. அன்று மாலை அவர் மேசையில் ‘பிங்’கை ஓடவிட்டார். ‘ஹப்’ இல்லாமல் 10 நிமிடம்: பதில்கள் ஒழுங்காக வந்தன. ‘ஹப்’பைச் செருகி வன்தட்டுக்கு ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தார்: பதில்கள் தடுமாறி, மூன்றாவது நிமிடத்தில் தொடர்பே போனது. கழற்றினார், திரும்பியது. மறுபடி செருகினார், மறுபடி போனது. கடைசியாக அதே ‘ஹப்’போடு கணினியைக் கூடத்துக்குக் கொண்டுபோய் அதே கோப்பை நகலெடுத்தார். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் கிடைத்ததால் ஒன்றும் ஆகவில்லை. சுவர் தனியாக இருந்தால் தொல்லையில்லை, ‘ஹப்’ தனியாக இருந்தாலும் தொல்லையில்லை. இரண்டும் சேர்ந்த ஒரே இடம் அந்த மேசை. அவர் அனுப்பிய அட்டவணை, அந்த ஆண்டு என் வகுப்பில் வந்த ஆய்வறிக்கைகளிலேயே நேர்த்தியானது.

உங்கள் வீட்டில் சோதிக்க நினைத்தால், செருகுவாயின் உட்புறம் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள், யுஎஸ்பி 3.0க்கு அது வழக்கமான அடையாளம், ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அந்த நிறத்தைப் பயன்படுத்துவதில்லை. சந்தேகமானதை நீட்டிப்புக் கம்பியால் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். கம்பியில்லாச் சுட்டியின் சிறு ஏற்பியும் 2.4லேயே பேசுவதால், அதை ‘ஹப்’புக்குப் பக்கத்தில் செருகினால் சுட்டியும் திக்கும். முடிந்தால் ரவுட்டரைக் காப்பறையிலிருந்து வெளியே எடுங்கள். நீளமான கம்பி கூடத்தில் தெரியும் என்று வீட்டில் முணுமுணுப்பு எழலாம். அது உங்கள் சாமர்த்தியம்.

மாணவரின் தந்தை நல்ல கவசமுள்ள ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கினார். பத்து வெள்ளிகூட ஆகவில்லை. நான் அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுவாரம் அவரைத் தேர்வை மீண்டும் எழுதவிட்டேன். மேசையில் ‘ஹப்’ இருந்தது, அறையின் மறுமூலையில். தேர்வு முடியும்வரை அவர் தொடர்பில் இருந்தார்.