கடைக் கணனிகளை 'கிளவுட்' ஏற்பாட்டுக்கு மாற்றுமுன்...

பெரகல சந்தியில் இரண்டு பிரதான வீதிகள் சந்திக்கின்றன. ஒன்று கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வந்து, வெல்லவாய ஊடாக மட்டக்களப்புக்குச் செல்வது. மற்றது ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎல வரை செல்வது. இவ்விரு வீதிகளிலும் மரக்கறி, பலசரக்கு, பிடவை, இரும்புச் சாமான் என்று நடக்கும் வியாபாரங்களில் பில் போடுவதும், இருப்புப் பார்ப்பதும், தோட்டத்து மக்களுக்குக் கொடுத்த கடனைக் குறித்து வைப்பதும் இன்று பெரும்பாலும் கணனியில்தான். பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம். அதற்குள் இருந்த கடன் கணக்கை எங்கே போய் வாங்குவது?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் இருக்கின்றது. நமது கடைகளில் உள்ள கணனிகளில் கணிசமானவை விண்டோஸ் 10இல் ஓடுபவை. அதற்கான இலவசப் பாதுகாப்புச் சேவையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் பொதுவாக நிறுத்திவிட்டது. கணனி தொடர்ந்து வேலை செய்யும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள், மேலதிக பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணனிகளில் அடைக்கப்படமாட்டா. எனவே, எப்படியும் கணனிகளில் கை வைக்க வேண்டிய நிலையில் பலர் இருக்கின்றனர். கை வைப்பதை ஒரு முறையோடு செய்தால் என்ன என்பதே இவ்வாரம் நாம் பார்க்கப் போகும் விடயம்.

புதிய முறை என்ன?

ஒரு வியாபாரிக்குப் பெரகலயில் கடையும், பண்டாரவளையில் கிளையும், வெல்லவாயவில் களஞ்சியமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களிலும் சேர்த்து ஆறு கணனிகள். ஒன்று பழுதானால் கணனி திருத்துபவர் வர வேண்டும். விண்டோஸ் போட்டு, பில் போடும் மென்பொருள், பிரின்டர், தமிழ் எழுத்துரு என்று ஒவ்வொன்றாக நிறுவ ஒரு நாள் கழிந்துவிடும். போன முறை என்னென்ன போட்டார் என்பது அவரது ஞாபகத்தில் மட்டுமே இருக்கும்.

புதிய முறையில் அந்த ஞாபகம் இணையத்தில் எழுதி வைக்கப்படுகின்றது. இன்ன கணனி நமது நிறுவனத்துக்குரியது, அதில் இன்னின்ன மென்பொருட்கள் இருக்க வேண்டும், இன்னார்தான் திறக்கலாம் என்ற பட்டியல் ஒரு 'கிளவுட்' கணக்கில் இருக்கும். கிளவுட் என்பது வேறொன்றுமல்ல, இணையத்தின் ஊடாக நாம் வாடகைக்குப் பாவிக்கும் இன்னொருவரின் கணனிகள்தான். வெறும் கணனியை இயக்கி, இணையத்தில் இணைத்து, ஊழியர் தனது நிறுவன மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தவுடன் பட்டியலில் உள்ளவை தாமாகவே வந்து இறங்கும்.

மைக்ரோசொப்ட் இதனை 2017இல் 'விண்டோஸ் ஓட்டோபைலட்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. பட்டியலை வைத்திருக்கும் சேவையின் பெயர் 'இன்டியூன்'. ஆரம்பத்தில் இது புதிதாக வாங்கும் கணனிகளுக்கென வந்தாலும், ஏற்கனவே பாவனையில் உள்ளவற்றையும் இதற்குள் கொண்டுவரலாம். ஆனால், இங்கேதான் ஒரு பெரிய அபாயம் இருக்கின்றது. பழைய கணனியைப் புதிய ஏற்பாட்டின்படி முதலிலிருந்து தயாரிப்பதென்றால் அதனை முற்றாக அழித்தாக வேண்டும்.

ஓட்டோபைலட் மென்பொருளைத் திரும்பத் தரும், அமைப்பைத் திரும்பத் தரும். நீங்கள் வேறிடத்தில் வைக்காத கணக்கைத் திரும்பத் தராது.

அரசாங்கத்துக்கே நடந்தது

'கிளவுட்டில் இருந்தால் பயமில்லை' என்று நினைப்பவர்கள் 2023இல் நமது நாட்டில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நடத்திவந்த 'இலங்கை அரச கிளவுட்' அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் தாக்குதலுக்கு உள்ளானது. தரவுகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வகையான தாக்குதல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சலைப் பாவித்த ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையைத் திரும்ப இயக்க முடிந்தது. ஆயினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் கிடைக்கவில்லை.

காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்புச் சேவை 2023 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. இரண்டு, அந்தக் காலப்பகுதிக்குரிய, வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை.

காலாவதியான மென்பொருளும், தனியாக வைக்கப்படாத பிரதியும் நமது கடைகளிலும் உள்ளவைதாமே!

நமது பிரதேசத்துக்கு மேலதிகமாக இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரகலயிலிருந்து வெல்லவாய செல்லும் வழியில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நிகழ்ந்த மண்சரிவை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கடையிலேயே கணனியும், அதன் பக்கத்து லாச்சியில் பிரதி எடுத்த பென் டிரைவும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும்.

மாற்றும் ஒழுங்கு

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு கணனியும் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்க்க வேண்டும். 4 ஜீபி ரெம், 64 ஜீபி இடம், 'டீபிஎம் 2.0' எனும் பாதுகாப்புச் சில்லு, அனுமதிக்கப்பட்ட புரொசெசர் ஆகியன தேவை. இன்டெல் ஆயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படும். விண்டோஸ் 'ஹோம்' பதிப்பில் ஓட்டோபைலட் இயங்காது. 'புரோ' பதிப்பு வேண்டும். திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு இந்த வழியில் இறங்குவதில் பயனில்லை.

இரண்டாவது, சில்லறைச் சாமான்களின் பட்டியல். டொட் மெட்ரிக்ஸ் பிரின்டருக்குரிய டிரைவர், பார்கோட் வாசிப்பான், பில் மென்பொருளின் அனுமதி இலக்கம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாகத் தமிழ் எழுத்துரு. நம்மில் பலரது பழைய விலைப்பட்டியல்களும் கடிதங்களும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிட வேண்டாம். எழுத்துருவைப் பட்டியலில் சேர்த்தால் போதும். மெல்ல மெல்ல யுனிகோட்டுக்கு மாறுவது இன்னும் நல்லது.

மூன்றாவது, தரவு. சாதாரண கோப்புகளை வன்டிரைவ் போன்ற சேவைக்கு நகர்த்தலாம். கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தை அப்படி அப்படியே நகர்த்தக்கூடாது. அம்மென்பொருளிலேயே உள்ள 'பெக்அப்' வசதியால் பிரதி எடுத்து, அப்பிரதியை மேலே ஏற்ற வேண்டும். இன்னொரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கணனியிலிருந்து கழற்றி, கடையல்லாத வேறிடத்தில் வைக்க வேண்டும். பின்னர் அப்பிரதியை வேறொரு கணனியில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் நிலுவை சரியாக வருகின்றதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்பக்கூடாது.

நான்காவது, பதிவு. ஒவ்வொரு கணனிக்கும் அதன் உதிரிப்பாகங்களைக் கொண்டு உருவாகும் ஓர் அடையாளம் உண்டு. அதனை எடுத்து இன்டியூனில் ஏற்றினால் அக்கணனி உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவாகும். ஏற்கனவே இன்டியூனில் உள்ள நிறுவனக் கணனிகளை ஓட்டோபைலட்டுக்கு மாற்றும்படி ஒரே தெரிவால் பணிக்கவும் முடியும்.

ஐந்தாவது, ஒன்றை மட்டும் அழித்துப் பாருங்கள். ஆறையும் ஒரே இரவில் அழிக்க வேண்டாம். அதிகம் தேவைப்படாத ஒரு கணனியை முதலில் மாற்றி, ஒரு வாரம் அதில் வேலை செய்து, குறைகளைத் திருத்திய பின் மற்றவற்றுக்குப் போங்கள். பெருநாள் காலத்திலும், தோட்டச் சம்பள நாட்களிலும் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இணையமும் மின்சாரமும்

'மலையில் சிக்னல் இல்லாவிட்டால் கடையை மூடுவதா?' என்று கேட்கலாம். கணனியைத் தயாரிப்பதற்குத்தான் இணையம் கட்டாயம். விண்டோஸ் 11 நிறுவல் கோப்பு மட்டுமே 5 ஜீபிக்கு மேல் வரும். ஆகவே, இணைப்பு நன்றாக உள்ள இடத்தில் வைத்து அதனைச் செய்வது நல்லது. தயாரான பின் கணனிக்குள் நிறுவப்பட்ட மென்பொருள் இணையமின்றியும் ஓடும். ஆனால், இணைய உலாவியில் மட்டும் திறக்கும் பில் சேவைகள் பல இணைப்பு அறுந்தால் நின்றுவிடும். வாங்குமுன் இதனைக் கேட்டறிய வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருளில் மூழ்கியதுபோல் மின்சாரம் நின்றால் எதுவும் ஓடாது. யூபிஎஸ்ஸும் பில் புத்தகமும் கடையில் இருக்கட்டும்.

செலவு

300 பேர் வரையான நிறுவனங்களுக்கான 'மைக்ரோசொப்ட் 365 பிசினஸ் பிரீமியம்' திட்டத்தில் இன்டியூன் அடங்கும். அதன் அமெரிக்க விலை, வருட ஒப்பந்தத்தில், ஒருவருக்கு மாதம் 22 டொலர். ஐந்து பேருக்கு 110 டொலர். 2022இன் ஆரம்பத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தபோது இது 22,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயானபோது 39,600 ரூபாய். சேவையில் மாற்றமில்லை, ரூபாய்தான் விழுந்தது. டொலரில் கட்டும் மாதச் செலவைப் பொறுப்பேற்குமுன் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

ஓரிரு கணனிகள் மட்டும் உள்ள கடைக்கு இது தேவையில்லை. தரவுப் பிரதியும், எழுதி வைத்த மென்பொருள் பட்டியலுமே அங்கு போதும். ஐந்தாறு கணனிகளும், வெவ்வேறு ஊர்களில் கிளைகளும், மாறிக்கொண்டிருக்கும் ஊழியர்களும் உள்ளவர்களுக்கே இது இலாபம். விலகிய ஊழியரின் கணக்கை இருந்த இடத்திலிருந்தே மூடலாம். தொலைந்த லெப்டொப் இணையத்துக்கு வந்தவுடன் அதனை அழிக்கவும் கட்டளையிடலாம். விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணனிகளில் சிலவற்றைக் கூகுள் 2022இல் வெளியிட்ட இலவச 'குரோம் ஓஎஸ் பிளெக்ஸ்' கொண்டு இணைய வேலைகளுக்கு மட்டும் பாவிக்கலாம். விண்டோஸ் மென்பொருட்கள் அதில் ஓடமாட்டா.

சாவி யாரிடம்?

இறுதியாக, மிக முக்கியமானது. இந்தக் கிளவுட் கணக்கு யாருடைய பெயரில் இருக்கின்றது? பல கடைகளில் கணனி திருத்துபவர் தனது மின்னஞ்சலைக் கொடுத்தே எல்லாவற்றையும் ஆரம்பித்து வைக்கின்றார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், நாளை அவர் வெளிநாடு சென்றால் உங்கள் கடையின் சாவியும் அவரோடு போய்விடும். பிரதான நிர்வாகக் கணக்கு முதலாளியின் பெயரில் இருக்க வேண்டும். நம்பிக்கையான இன்னொருவருக்கும் அந்த அதிகாரம் இருக்க வேண்டும். தொலைபேசிக்குக் குறியீடு வரும் இரட்டைப் பாதுகாப்பு கட்டாயம். தொலைபேசி தொலைந்தால் பாவிக்கக்கூடிய மாற்றுவழியையும், வட்டைப் பூட்டும் 'பிட்லொக்கர்' வசதியின் மீட்புச் சாவிகளையும் தாளில் எடுத்து, உறுதிப்பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

இதே சாவி விடயம் பாவித்த லெப்டொப் வாங்குவோருக்கும் பொருந்தும். முன்னைய நிறுவனம் தனது பதிவை நீக்காமல் விற்றிருந்தால், நீங்கள் அழித்துத் திரும்ப இயக்கும்போது அந்நிறுவனத்தின் பெயர் வந்து கடவுச்சொல் கேட்கும். ஆகவே, காசு கொடுக்குமுன் விற்பவரிடமே அதனை முற்றாக அழித்து, இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் விற்கும்போதும் பதிவை நீக்கிக் கொடுங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் யாவும் நம்மிடமுள்ள அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வாறான விபரங்களைக் கையாள்வது பற்றியதே. கணனியை மாற்றுவது அடுத்த மாதமாகட்டும், அடுத்த வருடமாகட்டும். இன்றிரவு கடையை மூடுமுன் கணக்கின் ஒரு பிரதியை எடுத்து, அதனைக் கடைக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதற்கு யாரையும் எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை.